மூன்றாவது பொன்னாடை

ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அவரை ஆதரிப்பதாக அர்த்தம் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். தவறு. மிகப் பெரிய தவறு. பூமி தட்டை என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில்கூட மனித குலத்துக்கு இவ்வளவு சேதம் வந்ததில்லை. பொன்னாடை என்பது மரியாதை. ஆதரவு என்பது தீர்மானம். பொன்னாடை கடையில் கிடைக்கும். தீர்மானத்துக்குப் பொதுக்குழு கூட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத ஒரு மாநகராட்சியின் வராந்தாவில்தான் இப்போது நீங்களும் நானும் உட்கார்ந்திருக்கிறோம்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி, அங்கே பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. எதற்கு வந்தீர்கள்? குழந்தையின் பிறப்புச் சான்றிதழா? சர்வர் ஓடவில்லை என்றிருப்பார்களே. ஓடாது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஓடும், பிறகு அவர்கள் சாப்பிடப் போவார்கள். நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

என் பெயர் தாணுமூர்த்தி. கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிபதி மாறுவார், வக்கீல் மாறுவார், வழக்குக் கட்டு எங்கே இருக்கிறது என்பது சிரஸ்தாருக்குத்தான் தெரியும். மருதம் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் நான். செயலாளராக இருந்தேன். அதற்கு வருகிறேன். சங்கத்தின் விதிமுறைகள் முழுவதையும் எழுதியவன் நான். எந்தக் கட்சிக்கும் ஆதரவு இல்லை, கொடுப்பதானால் மூன்றில் இரண்டு பங்கு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. எல்லாம் என் மூளை.

எங்கள் தெருவின் பிரச்சினை வாறுகால். தெருவோரச் சாக்கடையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மேற்கே ஆரம்பித்து, ரெஜினாவின் மாவுக்கடை வாசல் வழியாக வந்து, என் வீட்டு வாசலைத் தாண்டி, கிழக்கே பெரிய ஓடையில் விழ வேண்டும். விழாது. மழை பெய்தால் ரெஜினா கடையில் ஏறும். இட்லி மாவு அரைக்கிற இடத்தில், தம்பி! கிரைண்டரின் கால் முங்கச் சாக்கடைத் தண்ணீர். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை உள்ள தண்ணி ஏறுச்சுன்னா கடையைப் பூட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கின்றன. அந்தக் கடை மட்டும்தான்.

என் வீட்டில் ஒரு சொட்டு ஏறியதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு இவன் சுயநலத்துக்குப் பேசுகிறான் என்று நினைக்கக் கூடாது. நான் வீட்டை உயர்த்திக் கட்டியவன். வாசலில் கார் ஏற நல்ல அகலமாக ராம்ப் போட்டு, மேலே கிரானைட் பதித்திருக்கிறேன். பதித்திருந்தேன். கார் கிடையாது. மருமகன் வந்தால் ஏற்றுவார், தீபாவளிக்கு. ஆக, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லாத விஷயத்துக்காக, அடுத்த வீட்டுக்காரிக்காக, நான் எத்தனை மனு எழுதினேன் தெரியுமா! ரெஜினாவே சொல்வாள்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுத மனுவை அரைச்சா ரெண்டு படி மாவு வரும். தண்ணி மட்டும் போவ மாட்டேங்கு."

"பொறு ரெஜினா. முறைப்படி போகணும்."

"முறைப்படி அது என் கடைக்குள்ளல்லா போவுது!"

வாய் அதிகம். ஆனால் மாவு நன்றாக இருக்கும்.

இந்த நிலையில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு இந்த முறை பெண்கள் வார்டு. அப்படியென்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சுவரொட்டியில் அம்மா படம் இருக்கும், வீட்டுக்கு வருவது ஐயா. முதலில் செண்பகக்குமார் வந்தார். போன முறை கவுன்சிலர். இந்த முறை அவர் மனைவி செல்வராணி நின்றார். அந்த அம்மாள் தெருமுனையில் ஜீப்பிலேயே கையைக் கூப்பியபடி நின்றார். யாரோ கூப்பிய கையைப் பிரிக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருந்தது. செண்பகக்குமார் மட்டும் இருபது பேரோடு என் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, சங்கத்துல இருந்து ஒரு ஆதரவு வேணும். உங்க தெரு ஓட்டு உங்க வாயில இருக்கு."

"ஓட்டு வாயில் இருக்காது, விரலில் இருக்கும். சங்கம் கட்சி சார்பற்றது. விதி நாலு, உட்பிரிவு இரண்டு."

"அந்த உட்பிரிவை நான் பாத்துக்கிடுதேன். வாறுகாலை முடிச்சுத் தந்தாச் சரிதானே? ஜெயிச்ச மறுநாள் மண்வெட்டி விழும்."

"அஞ்சு வருஷம் நீங்கதானே இருந்தீங்க?"

"அதான் அண்ணாச்சி, அனுபவம் இருக்கு."

கேட்டீர்களா பதிலை? ஆனாலும் வீடு தேடி வந்தவர். முன்னாள் கவுன்சிலர். இம்மாதிரி சமயங்களுக்கென்று பீரோவில் பொன்னாடைகள் வாங்கி வைத்திருப்பேன். ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். போர்த்தும்போதே தெளிவாகச் சொன்னேன்: "இது மரியாதை. ஆதரவு அல்ல." அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் சொன்னது போட்டோவில் விழவில்லை.

இரண்டு நாள் கழித்து முத்துக்குட்டி வந்தார், எதிர்க்கட்சி. அவருடைய மருமகள் இந்திரா வேட்பாளர். மகன் துபாயில். ஆகவே மாமனார்தான் வேட்பாளரின் வாய். மருமகள் வரவில்லையா என்று கேட்டேன். "அவ வீட்ல சமைக்கா. இத்தனை பேருக்குச் சாப்பாடு வேணும்லா" என்றார். அவரும் ஆதரவு கேட்டார். நானும் விதி நாலு, உட்பிரிவு இரண்டு என்றேன். அவரும் வாறுகால் வாக்குறுதி கொடுத்தார். ஒருவருக்குச் செய்த மரியாதையை இன்னொருவருக்குச் செய்யாவிட்டால் அது பாரபட்சம். இரண்டாவது பொன்னாடையையும் போர்த்தினேன். மறுபடியும் சொன்னேன், மரியாதை, ஆதரவு அல்ல. மறுபடியும் போட்டோ.

மூன்றாவதாக தமயந்தி வந்தாள். சுயேச்சை, இஸ்திரிப் பெட்டி சின்னம். இன்சூரன்ஸ் ஏஜென்ட். இந்த ஊரில் யார் எப்போது சாவார் என்பது தவிர மற்ற எல்லா விவரமும் அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் வந்தாள். தனியாக. கல்யாணம் ஆகாதவள். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. இங்கேதான் தம்பி, ஒரு நுட்பமான பிரச்சினை வந்தது. மூன்றாவது பொன்னாடை பீரோவில் தயாராக இருக்கிறது. போர்த்துவதற்கு ஆள் இல்லை!

நீங்கள் முழிப்பது தெரிகிறது. வேட்பாளர் எதிரே நிற்கிறாளே என்பீர்கள். நிற்கிறாள். ஆனால் ஓர் ஆண் ஒரு பெண்ணுக்குப் போர்த்துவது எங்கள் வழக்கமில்லை. கோமதியைக் கூப்பிட்டேன், என் மனைவி. அவள் ரெஜினா கடைக்குப் போயிருந்தாள்.

"யாரும் கூட வரலியாம்மா?"

"யாரு வரணும் சார்? நான்தானே நிக்கேன்."

"அது சரி... ஒரு மரியாதை செய்யணும். ஆம்பளை யாராவது..."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பரவால்ல சார், வெயில் அடிக்கு. பொன்னாடை வேண்டாம், ஆதரவு மட்டும் தாங்க."

எடுத்த எடுப்பில் அப்படிக் கேட்டால்? விதி நாலைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். மற்ற இருவரும் பாதியிலேயே போனைப் பார்த்தார்கள், இவள் முழுவதும் கேட்டாள். பிறகு வாசலுக்கு வந்து, குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை அடித்து என் ராம்புக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். முன்பின் தெரியாத வீட்டில்!

"சார், இது எப்ப கட்டினது?"

எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கேட்கிறவர்கள் குறைவு. கிரானைட் எங்கிருந்து வந்தது, கொத்தனார் யார், யானை ஏறினாலும் தாங்கும் என்றெல்லாம் சொன்னேன்.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க," என்று எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள். அவ்வளவுதான் சொன்னாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் காலையில் பால் வாங்கப் போகிறேன், தெருமுனையில் நான் நிற்கிறேன். ஆமாம், நான். ஆறடி உயரத்துக்கு பிளக்ஸில். செண்பகக்குமாருக்குப் பொன்னாடை போர்த்துகிறேன். கீழே: 'மருதம் நகர் நலச்சங்கத்தின் பேராதரவு பெற்ற வேட்பாளர்.' பேராதரவு! சாதா ஆதரவே கொடுக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. பிளக்ஸ் கட்டியிருந்த கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் போனேன். அங்கேயும் நான். முத்துக்குட்டிக்குப் போர்த்துகிறேன். ஒரே கம்பத்தில், முதுகோடு முதுகாக, இரண்டு நான்.

டீக்கடையில் ஒரே சிரிப்பு. "அண்ணாச்சி, எந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் நீங்கதான் நிக்கீங்க. நீங்களே நின்னிருக்கலாம்லா!" என்று ஒருவன். "அவரு எப்படி நிப்பாரு, பொம்பளை வார்டுல்லா. கோமு மைனியை நிப்பாட்டி இவரு பேசியிருப்பாரு" என்று இன்னொருவன். நான் இரு கட்சி அலுவலகங்களுக்கும் போய்க் கத்தினேன். செண்பகக்குமார் ஆள், "போட்டோல இருக்கது நீங்கதானே?" என்றான். நான்தான். "போர்த்துதது பொன்னாடைதானே?" பொன்னாடைதான். "பின்ன என்ன அண்ணாச்சி?" என்றான். இவனுக்கு எப்படி விளக்குவது சொல்லுங்கள்! தேர்தல் அதிகாரியிடம் போனேன். அவர், இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் புகாருக்கு இடமில்லை என்றார்.

ஓட்டு எண்ணினார்கள். தமயந்தி ஜெயித்தாள்.

அன்று சாயங்காலம் ரெஜினா என் வாசலில் வந்து நின்றாள். அப்படி நிற்கிற பெண் இல்லை. கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருக்குப் போர்த்துனீங்க, ஜெயிச்சவளை வெயில்ல நிக்க வச்சு அனுப்பிட்டீங்க. இந்த மழைக்கு என் கடை பூட்டுதான். பிள்ளைகளுக்கு ஃபீஸ் எங்கேருந்து கட்டுவேன்?" என்றாள்.

அவளுக்குத் தர்க்கம் புரியவில்லை. நான் யாருக்கும் ஆதரவு தரவில்லை. தமயந்திக்கும் தரவில்லை. ஆகவே மூன்று பேரையும் ஒன்றாகத்தான் நடத்தியிருக்கிறேன். இதை அவளிடம் விளக்கினேன். "இதைக் கிரைண்டர்கிட்ட சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

நானே மனுவோடு தமயந்தியைப் பார்க்கப் போனேன். கவுன்சிலர் அலுவலகம் என்று இன்னும் எதுவும் இல்லை, அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. ஆரம்பத்திலேயே பொன்னாடை விஷயத்தைத் தெளிவுபடுத்தினேன். அவள் சொன்னாள்: "விடுங்க சார். ரெண்டு பேருக்குமே போர்த்தியிருக்கீங்க. யாருக்குமே போர்த்தலன்னு எடுத்துக்கிடுதேன். வாறுகாலைப் பாப்போம். வியாழக்கிழமை இன்ஜினியரைக் கூட்டிட்டு வாரேன்."

வந்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சொன்ன கிழமையில் வந்தாள்! சங்க நிர்வாகிகளைத் தயார்நிலைக்குக் கொண்டுவர ஒரு கால அவகாசம் கொடுக்க வேண்டாமா? நான் ஷேவ் கூடச் செய்துகொள்ளவில்லை.

பணியாளர்கள் ரெஜினா கடைப் பக்கமிருந்து நீளக் கம்பியை உள்ளே விட்டார்கள். அது போய்ப் போய் என் வாசலில் முட்டி நின்றது. கிழக்கே ஓடைப் பக்கமிருந்து விட்டார்கள். அதுவும் வந்து என் வாசலில் நின்றது. இன்ஜினியர் இளவட்டம். என் ராம்பின் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்று, "சார், அடைப்பு இதுக்குக் கீழதான். இதை எடுக்கணும்" என்றான். ஏதோ தட்டிலிருந்து வடையை எடுப்பதுபோல.

நான் பொறுமையாகவே விளக்கினேன். கம்பி ஓரிடத்தில் நிற்பதனாலேயே அங்கே அடைப்பு என்று முடிவுகட்டுவது விஞ்ஞானம் அல்ல. பஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது, அங்கே என்ன அடைப்பா? வாறுகால் ஆதியிலேயே சரிவு தப்பிக் கட்டப்பட்டது. என் வீட்டுக்கு முன்னால் வராத தண்ணீர் ரெஜினா கடையில் ஏறுகிறது என்றால் குற்றம் ரெஜினா கடைப் பக்கம் இருக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நான் எழுதிக் கொடுத்த மனு, வாறுகாலைத் தூர் வாரச் சொல்லித்தான். வீட்டை இடிக்கச் சொல்லி அல்ல.

தமயந்தி, "வீட்டை யாரு சார் இடிக்கா? ராம்பு மாநகராட்சி இடத்துல இருக்கு" என்றாள்.

"சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்யட்டும்" என்றேன். அப்படியே மடக்கினேன். மூன்றில் இரண்டு பங்கு. இதுவரை எந்தத் தீர்மானத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு வந்ததே கிடையாது. பிள்ளையார் கோயிலுக்கு மணி வாங்கும் தீர்மானத்துக்கே வரவில்லை. தெருவில் ஒருத்தன் சரி என்றால் எதிர்வீட்டுக்காரன் சரியில்லை என்பான். அந்த நம்பிக்கையில்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ராம்பை அகற்ற ஆதரவு தெரிவிப்பவர்கள் கை தூக்கலாம் என்று செயலாளர் என்ற முறையில் நானே கேட்டேன். முதலில் ரெஜினா தூக்கினாள், முழங்கை வரை மாவு காய்ந்த கை. மனு மனுவாக அவளுக்காக எழுதினேனே, அந்த ரெஜினா! அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக. வாழ்நாளில் ஒத்துப்போகாத எதிர்வீட்டுக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து தூக்கினார்கள். கடைசியில், பின்வரிசையில் ஒரு வளையல் சத்தம். திரும்பிப் பார்த்தால் கோமதி.

"உனக்கு ஓட்டுக் கிடையாது, கையை இறக்கு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. அது வீட்டு உரிமையாளருக்கு."

"வீடு யாரு பேர்ல இருக்கு?" என்றாள்.

பத்திரப் பதிவில் பெண் பெயருக்கு என்னவோ சலுகை இருக்கிறது என்று அந்தக் காலத்தில் ஒரு நண்பர் சொல்லி, அவள் பெயரில் பதிந்திருந்தேன். உட்கார்ந்திருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். விதியை எழுதியவன் நான். எதிர்த்து இருந்த ஒரே ஓட்டு என்னுடையது, அது செல்லாது. ஏகமனதாக நிறைவேறியது. அதை வாசித்து அறிவிக்கிற கடமையும் எனக்கே. அறிவித்தேன். அறிவித்த கையோடு ராஜினாமாவையும் அறிவித்தேன். யாராவது வேண்டாம் என்பார்கள் என்று சற்று நிறுத்தினேன். ரெஜினாவைச் செயலாளராக முன்மொழிந்துவிட்டார்கள்.

ஜேசிபி வந்தது. யானை ஏறினாலும் தாங்கும் என்றேன் அல்லவா, ஜேசிபி யானை இல்லை. கீழேயிருந்து என்ன வந்தது என்கிறீர்களா? செங்கல் துண்டு, காரைக் கட்டி, சிமென்ட் சாக்குகள், சாந்து இறுகிக் கல்லாகிப்போன சாக்குகள். தெருவே நின்று பார்த்தது. யாரோ அயோக்கியன் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். அந்தச் சாக்கில் இருந்த கம்பெனி பெயரும், என் வீட்டுக்கு நான் வாங்கிய சிமென்ட் கம்பெனி பெயரும் ஒன்றாக இருந்தது தற்செயல். ஊரெல்லாம் அந்த சிமென்ட்தான். அப்படிப் பார்த்தால் பாதி ஊர் குற்றவாளி. இதைச் சொன்னேன். இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். நாகரிகமா இது? படித்த பிள்ளை செய்கிற காரியமா?

ராம்பை எடுத்தது செல்லாது என்று புகார் கொடுக்கத்தான் இப்போது ஆணையாளரைப் பார்க்க வந்திருக்கிறேன். புது ஆணையாளர், நேற்றுத்தான் பொறுப்பேற்றார். ராம்பை அகற்ற ஆதரவு என்றுதான் நான் கேட்டேன். ஆதரவு தெரிவிப்பது வேறு, அகற்ற அனுமதிப்பது வேறு. இந்த ஓட்டையில் நுழைந்துதான் நான் வரப்போகிறேன். பையில் என்னவா? ஒன்றுமில்லை, பீரோவில் மீந்து கிடந்த பொன்னாடை. இல்லை இல்லை, காரியத்துக்காக இல்லை. மரியாதை. ஆணையாளர் பெண்மணி என்று இங்கே வந்த பிறகுதான் பியூன் சொல்கிறான். அதுதான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அவர் வீட்டுக்காரர் மதியம் சாப்பாடு கொண்டுவருவார் என்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல மழை. நீங்கள் இந்த ஊர்தானே, தெரிந்திருக்கும். விடிந்ததும் எழுந்துபோய்ப் பார்த்தேன். தண்ணீர் ரெஜினா கடையைத் தாண்டி, என் வாசலைத் தாண்டி, ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரெஜினா கடையைத் திறந்து வைத்திருந்தாள். சுகாதார ஆய்வாளர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, சூடா நாலு தோசை ஊத்தட்டா?" என்று கேட்டாள். எவ்வளவு தைரியம்! இனி அந்தக் கடை மாவு என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கோமதியிடம் அங்கேயே, நாலு பேர் கேட்கச் சொன்னேன். சரி என்றாள்.

இப்போது காலையில் அவள் ரெஜினா கடைக்குப் போய் அங்கேயே தோசை சாப்பிட்டுவிட்டு வருகிறாள். எனக்கு உப்புமா மூடி வைத்திருக்கிறது.